நான்காவது எக்ஸ்ரே

ஒன்பது, பன்னிரண்டு, தொண்ணூற்று நான்கு. இது பன்னிரண்டாம் மாதம், இது தொண்ணூற்று நான்காம் வருஷம், இன்றைக்குத் தேதி இருபத்தொன்று, அப்படியானால் இந்த எக்ஸ்ரே எடுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. மறுபடி எண்ணுகிறேன், பன்னிரண்டுதான். என் வலது கை பேசினுக்குள் பிளீச்சிங் தண்ணீரில் கிடக்கிறது, விரல் இடுக்கெல்லாம் அரிக்கிறது, வெளியே எடுக்கத் தோன்றவில்லை. தேதிக்கு மேலே பெயர். எஸ். எபனேசர், ஐம்பத்தேழு, ஆண். எங்கள் வீட்டில் எபனேசர் ஒருவர்தான், என்னைக் கட்டியவர், தொடக்கப்பள்ளி ஹெட்மாஸ்டர், அரைப்பரீட்சை லீவு விட்டாகிவிட்டதால் மத்தியானம் சாப்பிட்ட கையோடு கோயிலில் கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகைக்குப் போயிருக்கிறார், ஐந்தரைக்கு வந்துவிடுவார். அவருக்கு எதற்கு எக்ஸ்ரே? வேறு யாரோ எபனேசராக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது, அப்புறம் அந்த வேறு எபனேசரின் எக்ஸ்ரே எங்கள் பீரோ மேல் எதற்கு ஏறி உட்காரவேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஃபிலிமை மெதுவாகத் தூக்கினேன். மேல்பாதியில் கழுத்தும் தோள்பட்டையும் முதல் மூன்று நான்கு விலா எலும்பும் இருக்கின்றன, மூலையில் அந்த வெள்ளை எழுத்து. கீழ்ப்பாதியில் ஒன்றும் இல்லை. லேசான நீலத்தில் கண்ணாடியாகப் பளிச்சென்று இருக்கிறது, அதன் வழியே பேசினின் சிவப்பு அடி தெரிகிறது. அதைத் தேய்த்தது நான். தேங்காய் நார் வைத்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பொட்டுக் கறுப்பு விடாமல் தேய்த்தேன்.

எல்லாம் இந்தக் கிறிஸ்மஸ் கார்டுகளை மாட்டுவதற்காக. வருஷா வருஷம் ஹாலில் குறுக்கே நூல் கட்டிக் கார்டுகளைத் தொங்கவிடுவேன், காற்றாடியைப் போட்டால் பாதி கீழே விழும், மீதியை வருகிறவர்கள் யார் அனுப்பியது என்று விரித்துப் பார்த்து அதிரசம் தின்ற கையால் எண்ணெய் ஆக்கிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் பெனினா வருகிறாள், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே பிள்ளை, ஏழு மாதக் கர்ப்பம், நாளை மறுநாள் மருமகனோடு ரயிலில் வந்து இறங்குகிறாள், அவள் வரும்போது வீடு விசேஷமாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. காசு கொடுத்து வாங்குகிற ஆளா நான்? நான் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை, சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொல்லி எடுத்து வைத்துவிடுவேன், இந்த வீட்டில் பல்லைவிடத் துரும்புதான் அதிகம் என்று அவர் கேலி பேசுவார். துணி கிழிந்த பழைய குடையின் எலும்புக்கூடு ஒன்று பரணில் கிடந்தது. அதை விரித்துத் தலைகீழாகத் தொட்டில் கொக்கியில் மாட்டினேன், எட்டுக் கம்பிக்கும் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய சிவப்பும் பச்சையுமான கம்பளி நூலைச் சுற்றினேன், கம்பி முனைக்கு ஒரு பை தொங்கினால், அதுவும் கண்ணாடிப் பையாக இருந்தால், ஒரு பக்கம் படமும் மறுபக்கம் எழுத்தும் யாரும் கை வைக்காமலே தெரியும். கண்ணாடிக்கு எங்கே போக? பழைய எக்ஸ்ரேயை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பெல்லாம் வழன்று வந்துவிடும் என்று ஸ்டூடியோக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். கிணற்றில் போடப் பஞ்சாயத்தில் கொடுத்த பவுடரில் பாதியை எடுத்து வைத்திருந்தேன், அதுவும் துரும்புதானே. ஒரு படத்துக்கு இரண்டு பை, எட்டுப் பைக்கு நான்கு படம். மாமனாருடையது இரண்டு இருந்தது, கிணற்றடியில் நான் வழுக்கி விழுந்தபோது எடுத்த இடுப்புப் படம் ஒன்று இருந்தது, இன்னும் ஒன்று வேண்டுமே என்று நாற்காலி போட்டு ஏறித் துழாவினேன். பழைய காலண்டர்களுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒரு காக்கிக் கவர் நின்றது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சரி, பதறாதே ஜெயசீலி, உட்கார், யோசி. தேய்ப்பதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்தேனா இல்லையா? பார்த்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், அது நன்றாக நினைவு இருக்கிறது, வெயில் கண்ணில் அடித்தது. என்ன பார்த்தேன்? கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். மடிப்பு விழுந்திருக்கிறதா, இரண்டு பைக்குக் காணுமா என்று பார்த்தேன். என் புருஷனுடைய நெஞ்சை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பைக்குக் காணும் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் வெள்ளை இருந்ததா? எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாக இருக்கவேண்டும், வெள்ளை இருந்தால்தான் கெடுதல், இது எனக்குத் தெரியும், மாமனாருக்கு டிபி வந்து மூன்று வருஷம் இழுத்தபோது டாக்டர் படத்தை விளக்கு முன்னால் வைத்து, இங்கே பாரும்மா, இந்த ஒட்டடை மாதிரி இருக்கே, இதுதான் என்று காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்த இடம் கன்றிப்போனது. இப்போது கண்ணை மூடினால் வலது பக்கம், கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிகிறது. ஐயோ, இருந்திருக்கிறது. இல்லை, அது மாமனார் படமாக இருக்கும். மாமனாருக்கு மேலே அல்லவா இருந்தது, ஒட்டடை மேலே. இரண்டாவது படத்தில் கீழேயும் பரவியிருந்ததோ? படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்திருந்தால் வலது இடது மாறும், தலைகீழாகப் பிடித்திருந்தால் மேல் கீழ் மாறும். நான் எப்படிப் பிடித்தேன்? பெயர் கண்ணில் படவில்லை என்றால் தலைகீழாகத்தான் பிடித்திருப்பேன், பெயர் கீழே என் உள்ளங்கைக்குள் இருந்திருக்கும். அப்படியானால் எலுமிச்சம்பழம் மேலே போகும், மேலே என்றால் இப்போதும் மிச்சம் இருக்கும் பாதி, அதில் ஒன்றும் இல்லை, அப்போது எலுமிச்சம்பழமே இல்லை. ஸ்தோத்திரம். ஆனால் அந்த மிச்சப் பாதியும் ஊறி நெகிழ்ந்து, விரல் பட்டால் சேறாகக் கலங்குகிறது, இதில் எது நுரையீரல் எது நான் கெடுத்தது என்று எந்த டாக்டரால் சொல்லமுடியும். நல்ல தண்ணீரில் அலசி நிறுத்திவிடலாம் என்று குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மூன்றாவது விலா எலும்பு வழன்று கீழே இறங்கியது. அலறிவிட்டேன். பெயர் மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது, அதுவும் எபனேசரில் எ இல்லாமல்.

அவருக்கு எதற்கு எக்ஸ்ரே என்று கேட்டேனே, எனக்குத் தெரியாதா? இருமல். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இருமல். மிளகும் பனங்கற்கண்டும் இடித்துக் கொடுத்தேன், ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன், இதெல்லாம் ஹெட்மாஸ்டர் இருமல், பிள்ளைகள் பேசினால் அடக்குவதற்குக் கர்த்தர் கொடுத்தது என்று நானே பரிகாசம் பண்ணினேன். வாட்ச் வார் ஒரு துளை உள்ளே போயிருந்தது, பார்த்தேன், பண்டிகைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் அளவு மறுபடி எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். கோயில் மேட்டில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போகிறார், பார்த்தேன், வயசாயிட்டு என்றேன். இருபத்தைந்து வருஷமாகப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கட்டைக்குரல் பாடுகிறவர், கிறிஸ்து பிறந்தநாள் ஆராதனையில் அவர் குரல் தரையிலிருந்து வந்து பெஞ்சில் ஏறி என் முதுகில் படும், இந்த வருஷம் தனியாகப் பாடுகிற வரியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மத்தவங்களும் பாடட்டுமே என்றார். நான் பெருமைப்பட்டேன். எவ்வளவு பெருந்தன்மை என்று பெண்கள் சங்கத்தில் போய்ச் சொன்னேன். கண் இருந்தும் குருடி என்று வேதத்தில் யாரையோ சொல்லியிருக்கிறதா, இல்லையென்றால் என்னைச் சொல்லலாம். எனக்குக் கீறலும் மடிப்பும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இருபத்தெட்டாம் தேதி மதுரைக்குப் போகிறேன் என்று போன வாரம் சொன்னார். எதுக்கு என்றேன். புதுப் பாட்டுப் புஸ்தகம் அச்சாகி இருக்கு, வாங்கிட்டு வரணும் என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, பழக்கமில்லாத காரியம் என்பதால்தான் சொல்லும்போது அடுப்பங்கரை ஜாடிகளை எண்ணிக்கொண்டே சொன்னார் போலிருக்கிறது.

கதவு தட்டும் சத்தம். அவர்தான் என்று நினைத்தேன். பேசினை முந்தானையால் மூடினேன், முந்தானை நனைந்து வெளுத்தது. அவர் இல்லை, பெண்கள் சங்கத்துச் செயலாளர் கிருபாவதி அக்கா, கையில் முறுக்கு டப்பா. "ஏ ஜெயசீலி, கதவ அடச்சிக்கிட்டு உள்ள என்ன செய்யிற?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்குள் வந்தவள் குடையைப் பார்த்து நின்றுவிட்டாள். முதல் மூன்று படத்தில் ஆறு பை தைத்து மாட்டியாகியிருந்தது, ஊசியைச் சுடவைத்து ஓரமெல்லாம் துளை போட்டுக் கம்பளி நூல் கோத்தது, உள்ளே கார்டுகள். "எம்மாடி, என்ன பிள்ள இது, கண்ணாடிப் பெட்டில மீனு கிடக்கிற மாதிரில்லா கார்டு கிடக்கு. எதுல செஞ்ச?" எக்ஸ்ரேயில் என்றேன். வாய் தானாகச் சொன்னது. "எக்ஸ்ரேயா! ஓம் மாமனாரு படமா? செத்தும் குடுத்தாரு சீதக்காதிங்கிறது சரியாத்தான் இருக்கு." சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அவள் ஒவ்வொரு பையாகத் திருப்பி யார் யார் கார்டு என்று வாசிக்கத் தொடங்கினாள், மெஞ்ஞானபுரத்து மதினி, கோயம்புத்தூர் சம்பந்தி, அரக்கோணத்துப் பாதிரியார் வீடு, ஒவ்வொன்றிலும் கர்த்தர் உங்களுக்குப் பூரண சுகத்தையும் பெலத்தையும் தருவாராக என்று இருக்கிறது, எல்லாருமா சேர்ந்து சுகத்தையே எழுதவேண்டும். "இன்னும் ரெண்டு கம்பி மொட்டையா நிக்கி" என்றாள். படம் பத்தலை அக்கா என்றேன். "அப்போ சாருகிட்ட கேளு" என்றாள் அவள், "அன்னைக்கு திருநெல்வேலி பஸ்ஸ்டாண்டுல பாத்தேன், கையில இத்தாம் பெரிய கவர் வச்சிருந்தாரு. என்ன சார், எக்ஸ்ரே கவர் கணக்கா இருக்கேன்னு கேட்டேன். புது வருசக் காலண்டரும்மா, மடங்கிரக் கூடாதுன்னு கவர்ல போட்டுத் தந்திருக்காங்கன்னாரு. எங்களுக்கும் ஒரு காலண்டர் தரச் சொல்லு பிள்ள." சொல்லுதேன் அக்கா என்றேன். முறுக்கை வாங்கிக்கொண்டு டப்பாவைச் சும்மா கொடுக்கக்கூடாது என்று அதில் அச்சுப்பலகாரம் பத்து எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். எப்படி எண்ணினேன் என்று தெரியவில்லை. பத்துதான் போட்டேன்.

அவள் போனதும் கவர் நினைவு வந்தது. கவருக்குள் ஏதாவது சீட்டு இருந்திருக்கும், டாக்டர் ஏதாவது எழுதியிருப்பார். கவரை என்ன செய்தேன்? அதையும் விடவில்லை நான், உள்பக்கம் சுத்தமாக இருக்கிறதே என்று விரித்து, பைகளுக்கு மேலே ஒட்ட நட்சத்திரமாக வெட்டி வைத்திருக்கிறேன், மேஜை மேல் எட்டு நட்சத்திரம் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்றில் அச்சடித்த எக்ஸ்ரே நிலையத்தின் பாதிப் பெயர். ஒன்றில் கோந்துக் கறை, ஆமாம், கவர் வாய் ஒட்டியிருந்தது, அரிவாள்மணையில் கொடுத்துப் பிளந்தேன். ஒன்றில் அவர் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே வட்ட எழுத்து, 28 காலை 9, மதுரை, நெஞ்சு டாக்டர். சீட்டு எதுவும் இல்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்து வெட்டி விழுந்த துண்டுகளைக்கூடத் துழாவினேன், இல்லை. அப்போது கோபம் வந்தது, தலைக்கு ஏறுகிற கோபம். என்னிடம் சொல்ல என்ன கேடு? நான் என்ன, ஊரைக் கூட்டிவிடுவேனா? சொல்லியிருந்தால் படத்தை வேதப்புத்தகத்தோடு வைத்துக் காத்திருப்பேனே. பண்டிகை முடியட்டும் என்று நினைத்திருப்பார், அதுதான், எங்கள் ஆட்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு, கிறிஸ்மஸ் முடியட்டும் என்று சாவைக்கூடத் தள்ளிவைப்பார்கள், மாமனார் படுக்கையில் கிடந்தபோது டிசம்பர் முழுக்க வந்தவர்களிடம் ஜலதோஷம் என்றுதான் சொன்னோம், நானும்தான் சொன்னேன். கோபம் போனதும் பயம் வந்தது. பன்னிரண்டு நாளாக இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் படுத்து, காலையில் எழுந்து காபி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். எலுமிச்சம்பழம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு நாள் என்றுகூடத் தெரிந்திருக்கலாம். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவேண்டிய நேரத்தில், எட்டுப் பையில் இரண்டு குறைகிறதே என்றும் ஒரு நினைப்பு ஓடியது, கேவலமாக இருந்தது, ஓடியது என்பது உண்மை. பேசினில் தண்ணீர் மைக்கூடு கவிழ்ந்த கறுப்பில் நிற்கிறது. கொட்ட மனம் வரவில்லை. அவருடைய நெஞ்சு அதற்குள்தானே இருக்கிறது, கொட்டினால் கிணற்றடி வாழைக்கு அல்லவா போகும். என்ன சொல்வது? எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். பீரோ மேலிருந்து விழுந்து அடுப்பில், எப்படி பீரோ மேலிருந்து அடுப்பில் விழும்? எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி இருந்துவிட்டால், இருபத்தேழாம் தேதி ராத்திரி அவர் நாற்காலி போட்டு ஏறிக் கையை விட்டுத் துழாவுவார், ஒன்றும் இருக்காது, என்னிடம் கேட்கவும் முடியாது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுதேன். இரண்டு கையிலும் பிளீச்சிங் நாற்றம், கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டபோது கடிகாரம் ஐந்து இருபத்தைந்து. செருப்பைக் கழற்றும்போது ஒரு இருமல், உள்ளே வந்ததும் ஒன்று, நான் இரண்டையும் எண்ணினேன், இதுவரை எண்ணியதில்லை. குடையைப் பார்த்து, "அடடே, என்னட்டி இது, நம்ம பழைய குடையா? பெனினா வந்து பாத்தா துள்ளுவா" என்று கிட்டே போய் ஒரு பையைத் தொட்டார், "கண்ணாடித் தாளா, காசு குடுத்தா வாங்கின?" என்றார். நான் யோசித்து வைத்த மூன்று பொய்யில் ஒன்றும் வாயில் வரவில்லை. "எக்ஸ்ரே" என்றேன். அவர் கை பையின் மேலேயே நின்றது. பீரோவின் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எத்தன?" "நாலு." "காலண்டருக்குப் பின்னால இருந்ததுமா?" "அதுந்தாங்க. தெரியாம செஞ்சிட்டேன். பாதி கழுவினப்புறம்தான் பேரப் பாத்தேன்." சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தி, "நீ உள்ள பாத்தியா?" என்றார். பேரப் பாத்தேன், தேதியப் பாத்தேன் என்றேன். "பேரக் கேக்கல, ஜெயசீலி. உள்ள எப்படி இருந்துச்சு? வெள்ளையா எதும் இருந்துச்சா?" எனக்குப் புரியவில்லை. அத உங்ககிட்டல்லா நான் கேக்கணும் என்றேன். அப்போதுதான் சொன்னார். "நான் பாக்கவே இல்லட்டி. எடுத்தவரு கவர்ல போட்டு ஒட்டித் தந்துட்டாரு, மதுரையில பெரிய டாக்டருகிட்ட குடுங்க, அவரு பாத்துச் சொல்லுவாருன்னாரு. பஸ்ல வரும்போது மடியிலதான் இருந்துச்சு, பிரிக்கத் துணியல. எங்கப்பா படத்தப் பாத்தோம்லா ரெண்டு பேரும், அந்த மாதிரி இருந்துட்டா பெனினா முகத்துல எப்படி முழிப்பேன். பிள்ள வந்து சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் எனக்கே தெரியாம இருக்கட்டும்னு மேல வச்சிட்டேன்." அவருக்கும் தெரியாது. பன்னிரண்டு நாளும் அவருக்குத் தெரியாது. எடுத்தவரை விட்டால் இந்த உலகத்தில் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான், நான் கீறலைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திருத்திய விடைத்தாளோடு வகுப்புக்குள் வரும் வாத்தியாரைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை, முப்பது வருஷமாக அவர் அடுத்தவர் முகத்தில் பார்த்த பார்வை. என்னால் தாங்க முடியவில்லை. "பாத்தேங்க" என்றேன். "ஜன்னல்ல வச்சு நல்லாப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு." "கீழயும்?" "கீழயும் மேலயும். ஒரு பொட்டு வெள்ள இல்ல. நல்ல கறுப்பு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, கையை எடுத்தபோது இரண்டும்தான். "அப்பாடா" என்றார். "எட்டி, நீ பாத்தா சரியாத்தான் இருக்கும், எங்கப்பா படத்துல டாக்டர் காட்டினப்போ எனக்கு முன்னால நீதான கண்டுபிடிச்ச. காபி போடு, சீனி தூக்கலாப் போடு." எழுந்து மேஜையில் மிச்சமிருந்த கார்டுகளை எடுத்துப் பைகளில் போடத் தொடங்கினார், பேஸ் குரலில் ஏதோ முனகினார், நடுவில் இருமினார், இருமிவிட்டு அதைப் பார்த்தே சிரித்தார். கிருபாவதி அக்கா காலண்டர் கேட்டாள் என்றேன், வாய்விட்டுச் சிரித்தார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் கதவோரம் நின்று அந்த முகத்தைப் பார்த்தேன். எத்தனை மாதமாயிற்று இதைப் பார்த்து, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை, பத்து வயது குறைந்துவிட்டது. ஒரு பொய்க்கு இவ்வளவு நல்ல பலனா என்று ஆச்சரியமாக இருந்தது. வேறு படம் எடுத்து நாளைக்கே பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்விட்டால் பொய்யும் பொய்யாக இருக்காது என்று கணக்குப் போட்டேன். "நாளைக்கே முதல் பஸ்ல போயி வேற படம் எடுத்திருவோங்க, எடுத்த கையோட மதுரைக்கும் போயிருவோம், நானும் கூட வாரேன்" என்றேன். அவர் திரும்பாமலே, "எதுக்கு?" என்றார். "சுத்தமா இருக்குன்னு நீயே பாத்துட்டியே. பிறகு எதுக்கு இன்னொரு படம்? இருபத்தெட்டும் இனி வேண்டாம், பெனினா கூட ரெண்டு நாள் இருக்கலாம். இது வெறும் சளிதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, போகவில்லை. அவர் போகமாட்டார். நான் கெஞ்சினாலும் போகமாட்டார், தள்ளிப்போட ஒரு சாக்குக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தவருக்கு நான் சாக்கை ஜரிகைத்தாள் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். சளி என்பார், மிளகு இடித்துக் கொடு என்பார், நானும் இடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன், பெனினாவுக்குப் பிள்ளை பிறக்கும், ஈஸ்டர் வரும், எலுமிச்சம்பழம் இருந்தால் அதுவும் கூடவே வளரும். படத்தைக் கழுவியது ஒரு பாவம், இது அதைவிடப் பெரியது, அது தெரியாமல் செய்தது. அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டேன். "ஏங்க" என்றேன். குனிந்து ஒரு கார்டை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தவர் ம் என்றார். "நான் பாக்கலங்க." "எத?" "உள்ள ஒண்ணும் பாக்கல. பைக்கு ஆகுமா, கீறல் இருக்கான்னுதான் பாத்தேன். வெள்ள இருந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நீங்க அப்படிப் பாத்ததும் மனசு தாங்காம பொய் சொல்லிட்டேன்." அவர் நிமிர்ந்தார். பெனினா அனுப்பிய கார்டு கையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது, இந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தொட்டில் படம். என் கண் முன்னாலேயே அந்தப் பத்து வயதும் திரும்ப வந்து அவர் முகத்தில் உட்கார்ந்தது, உட்காரவைத்தது நான்தான், பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டவில்லை. பால் கருகும் வாடை ஹாலுக்கு வந்துவிட்டது. கார்டை முழுவதும் உள்ளே தள்ளி, பை ஆடாமல் இரண்டு விரலால் பிடித்து நிறுத்திவிட்டு, "முதல் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். "ஆறு பத்துக்கு" என்றேன்.